மேல்கூரையில் ஈரம்: வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் போதுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பக்கம் சொந்த வீடு; கட்டி 9 வருஷம்; கீழ்த்தளமும் ஒரு மாடியும்; மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருக்கிறது. மூன்று வருஷமாக ஐப்பசி மழை பிடித்ததும் மாடிப் படுக்கையறையின் கூரையில் ஈரத் திட்டு தெரிகிறது. தை பிறந்த பிறகுதான் காய்ந்து மஞ்சள் வளையமாக நிற்கிறது. மொட்டை மாடியில் வாட்டர்புரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் ஓட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பெயிண்டர் சொல்கிறார். மழைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, அடித்துவிடலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. சொந்த வீடு வைத்திருப்பவர் வருஷா வருஷம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு என் பதில்: இந்த வருஷம் பெயிண்ட் வேண்டாம். ஓட்டு இணைப்புகளையும் மழைநீர்க் குழாய்களின் வாயையும் இப்போது சரிசெய்யுங்கள், பெயிண்டை மாசிக்குத் தள்ளுங்கள். அதற்கான காரணத்தைச் சொன்னாலே இரண்டாவது கேள்விக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

உங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கீழே நாலரை அல்லது ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம். அதற்கு மேல் மூன்று, நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து இடித்துப் போட்ட அடுக்கு. கொத்தனார்கள் வெதரிங் கோர்ஸ் என்பார்கள். வெயிலின் சூட்டைத் தடுப்பதும், தண்ணீர் ஓட வாட்டம் கொடுப்பதும் அதன் வேலை. அதற்கும் மேல் தட்டோடு, ஓட்டுக்கு ஓடு இடைவெளியில் சிமெண்டுப் பாயிண்டிங். இந்தப் பாயிண்டிங் ஓரிடத்தில் விட்டுப்போனால் தண்ணீர் ஜல்லி அடுக்குக்குள் இறங்கும். அந்த அடுக்கு பஞ்சு மாதிரி. தண்ணீர் அதற்குள் வாட்டத்தை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து, காங்கிரீட்டில் எங்கே சிறு வெடிப்போ மின்குழாய்ப் பெட்டியோ கிடைக்கிறதோ அங்கே கீழே சொட்டும். ஆகவே கீழே திட்டு தெரிகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ண முடியாது. பத்தடி தள்ளியும் இருக்கலாம். மழை நின்ற பிறகும் தை வரை ஈரம் காயவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜல்லி அடுக்கு நிறையத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பெயிண்டை இப்போது வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். சென்னையைச் சுற்றி ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை அடிக்கடி வரும். ஜல்லி அடுக்கு இப்போது முழுக்கக் காய்ந்திருக்க வாய்ப்பில்லை. அதன் மேல் ரப்பர் மாதிரிப் படலம் ஓட்டினால் உள்ளே உள்ள ஈரம் மேலே போக வழியில்லாமல் அடைபடும். வெயில் ஏறும்போது அது ஆவியாகிப் படலத்தைக் கொப்புளமாகத் தூக்கும். ஒரு கொப்புளம் உடைந்தால் போதும், தண்ணீர் படலத்துக்கு அடியில் புகுந்து, வெளியேற வழியில்லாமல் கூரைக்குள் இறங்கும். முன்பு வெயிலில் மேலேயும் காய்ந்துகொண்டிருந்த கூரை, பெயிண்டுக்குப் பிறகு கீழ்ப்பக்கம் மட்டும் காயத் தொடங்கும். அப்போது படுக்கையறையில் திட்டு பெரிதாகும். தளம் காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடித்த பாலிதீன் தாளை ஓட்டின் மேல் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிக் காற்றுப் புகாமல் மூடி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் துளி கோத்திருந்தாலோ ஓடு கறுத்திருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். மூன்று நாலு இடத்தில் செய்து, எல்லா இடத்திலும் காய்ந்திருந்தால்தான் பெயிண்டரைக் கூப்பிட வேண்டும்.

ஈரம் மழையால்தானா என்பதை உங்கள் விஷயத்தில் உறுதியாகவே சொல்லலாம். மழையோடு வந்து மழைக்குப் பின் போகிறது. சித்திரை வைகாசியிலும் ஈரம் இருந்தால் கதை வேறு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து சுவருக்குள் இறங்கும் குழாய், சோலார் ஹீட்டர் இணைப்பு, மாடிக் குளியலறையின் நானி டிராப் (தரையில் தண்ணீர் வடியும் குழி), ஏசி தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைத்தான் அப்போது முதலில் பார்க்க வேண்டும். குழாய்க் கசிவுக்கு மொட்டை மாடியில் பெயிண்ட் அடித்து ஒரு பயனும் இல்லை. குழாயைச் சோதிக்க, இரவு எல்லாத் திருகுகளையும் மூடிவிட்டுத் தொட்டியின் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள். மிதவை வால்வை மூடி வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் குறைந்த தண்ணீரை அது நிரப்பி, சோதனையைக் கெடுத்துவிடும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது, மொட்டை மாடியை முதலில் கூட்டிப் பெருக்கிவிட்டு ஒரு மணி நேரம் நிதானமாகச் சுற்றி வருவது. வாளித் தண்ணீரை மேடான பக்கத்திலிருந்து ஊற்றி, 20 நிமிஷம் கழித்தும் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது வாட்டம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். மரக்கட்டை ஒன்றால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. டொப்பென்று கேட்டால் ஓட்டுக்கு அடியில் வெற்றிடம். அந்தத் தட்டோட்டைச் சுற்றிப் பாயிண்டிங் பெரும்பாலும் விட்டிருக்கும். பிறகு ஓரங்களுக்கு வாருங்கள். ஒழுகுகிற மொட்டை மாடிகளில் நடுவிலே ஓட்டை இருப்பது குறைவு. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தொட்டி நிற்கும் தூண்களின் அடி, சோலார் ஹீட்டர் கால்களுக்கோ டிஷ் ஆன்டெனாவுக்கோ போல்ட் அடித்த இடம், மாடிப்படி அறைச் சுவரின் அடி, இவைதான் வழக்கமாகக் குற்றவாளிகள். கைப்பிடிச் சுவரின் தலைப்பையும் பாருங்கள். அங்கே பூச்சு வெடித்திருந்தால் மழை சுவருக்குள்ளேயே இறங்கித் தளத்தின் ஓரத்தில் வந்து நிற்கும். எவ்வளவு பாயிண்டிங் செய்தாலும் அந்த ஒழுகல் நிற்காது.

ஆலங்கன்றும் அரசங்கன்றும் முளைத்திருக்கிறதா என்று குழாய் முடக்குகளிலும் சன்ஷேடு மூலைகளிலும் பார்த்துவிடுங்கள். விரல் நீளக் கன்றாக இருக்கும்போது வேரோடு பிடுங்கினால் வந்துவிடும். தண்டை மட்டும் வெட்டினால் மறுபடி தழைக்கும், வேர் உள்ளே பருத்துச் சுவரைப் பிளக்கும். வேர் உள்ளே போய்விட்டால் அந்த இடத்துப் பூச்சைக் கொத்தி, வேரை எடுத்துவிட்டு மறுபடி பூசுவதுதான் வழி.

மழைநீர்க் குழாய்களுக்குத் தனியாக நேரம் கொடுங்கள். 1000 சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். இந்தியக் கட்டட விதித்தொகுப்பின் அட்டவணைப்படி, மணிக்கு 10 செ.மீ. வேகத்தில் மழை கொட்டினால் நாலு அங்குலக் குழாய் ஒன்று ஏறக்குறைய 43 சதுர மீட்டர் பரப்பின் தண்ணீரைத்தான் இறக்கும். மூன்று அங்குலக் குழாய் 20 சதுர மீட்டர் பரப்பைத்தான் தாங்கும். அப்படியானால் அந்த அளவு மாடிக்கு நாலு அங்குலத்தில் மூன்று குழாய் வேண்டும். பல வீடுகளில் மூன்று அங்குலத்தில் இரண்டுதான் இருக்கும், அதில் ஒன்றின் வாயில் இலை அடைத்திருக்கும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைவரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அந்த ஒரு நாளில் 1000 சதுர அடி மாடியில் விழுந்த தண்ணீர் 45,000 லிட்டருக்கும் மேல். இப்படிப்பட்ட நாளில் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கைப்பிடிச் சுவரின் அடியில் அரையடி நிற்கும், மாடிப்படி அறைக் கதவின் கீழே புகுந்து உள்ளே வரும். குழாய் வாயில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி மேலெழும்பிய வலைமூடி போடுங்கள். தட்டையான சல்லடைத் தகட்டை இரண்டு இலை மூடினாலே அடைத்துவிடும். மாடிக்கு ஒரு உபரி வழியும் வேண்டும். தளத்திலிருந்து மூன்று அங்குல உயரத்தில் கைப்பிடிச் சுவரில் வெளியே நீட்டிய குழாய்த் துண்டு ஒன்று போட்டுவிட்டால், எல்லாக் குழாயும் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் அதன் வழியாக வெளியேறத் தொடங்கும். ஒரு கொத்தனாருக்கு ஒரு மணி நேர வேலை அது.

பாயிண்டிங் செய்யும் முறையில்தான் வேலை கெடுகிறது. பழைய சாந்தின் மேலேயே சிமெண்டுப் பாலைத் தேய்த்துவிட்டுப் போவார்கள். அது ஒரு வெயிலுக்குக்கூடத் தாங்காது. விட்ட இணைப்புகளைக் கம்பியாலோ கட்டர் மெஷினாலோ குறைந்தது 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, தூசியை ஊதி எடுத்து, தண்ணீர் தெளித்து, அது தேங்காமல் ஈரமாக மட்டும் இருக்கும்போது சாந்தை அழுத்தித் திணிக்க வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மெல்லிய மணல் போதும். நீர்த்தடுப்புத் திரவம் பெரும்பாலும் 50 கிலோ மூட்டைக்கு 200 மி.லி. என்று டப்பாவில் போட்டிருக்கும், அதற்கு மேல் ஊற்றுவதால் பலம் கூடாது. கைப்பிடிச் சுவர் மூலையில் மூன்று அங்குலத்துக்குச் சாய்வாகப் பூசி, மூலையே இல்லாமல் செய்துவிட வேண்டும். முடிந்ததும் ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். கூலிக்காரர் போனபிறகு இந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. இதை விட்டுவிட்டு, பாயிண்டிங் வெடித்துவிட்டது என்று கொத்தனார் மேல் பழி போடுவது நியாயமில்லை.

இதோடு ஒரு வெடிப்பைத் தனியாகக் கவனியுங்கள். மாடி அறைகளில் கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரும் தளமும் சேரும் இடத்தில் கிடைமட்டமாக ஒரு கோடு ஓடுகிறதா? காங்கிரீட் சூட்டில் விரிவது அது. பத்து மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும், ராத்திரி குளிர்ந்து சுருங்கும். கீழேயுள்ள செங்கல் சுவர் அந்த அளவு நகராது, ஆகவே இரண்டுக்கும் நடுவில் விரிசல் விடும். வீடு இடிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வெளிப்பக்கத்தில் இதே கோடு இருந்தால் சாரல் அடிக்கும்போது தண்ணீர் அதன் வழியாக உள்ளே வரும். இதில் சிமெண்டோ பட்டியோ (பெயிண்டர் பூசும் புட்டி) வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடி பிளக்கும். வெளிப்பக்கம் அரை அங்குல அகலத்துக்கு வெட்டி, தூசி நீக்கி, நீண்டு சுருங்கக்கூடிய பாலியூரித்தேன் சீலன்ட் பாய்ச்ச வேண்டும். சாய்ந்தோடும் வெடிப்பு, படிப்படியாகச் செங்கல் ஒட்டுகளில் ஏறும் வெடிப்பு, மூன்று மி.மீ. தாண்டிய வெடிப்பு, இவை வேறு இனம். அடித்தளம் அமுங்குவதால் வந்திருக்கலாம். வெடிப்பின் இரண்டு நுனிகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் அந்தக் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றையும் உடனே பார்த்துவிடுங்கள். படுக்கையறைத் திட்டில் பெயிண்ட் பொரிந்திருக்கிறதா, அல்லது காங்கிரீட்டே உப்பி இருக்கிறதா? நீண்ட கம்பால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கம்பி போகும் வரிசையில் பழுப்புக் கோடு தெரிந்தாலோ, வெற்றொலி கேட்டாலோ, துண்டு துண்டாக உதிர்ந்தாலோ உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் காங்கிரீட் பிளந்து விழுகிறது. அப்படி இருந்தால் அன்றைக்கே கட்டிலை நகர்த்துங்கள், பட்டி பார்த்து மறைக்காதீர்கள். தளர்ந்த காங்கிரீட்டைக் கம்பியைச் சுற்றி முழுக்க எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, துரு தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கூடுதல் கம்பி கட்ட வேண்டுமா என்பதை நேரில் பார்க்கும் பொறியாளர்தான் சொல்ல முடியும். படத்தைப் பார்த்தோ எழுதியதைப் படித்தோ யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.

பெயிண்ட் மாசியில் அடிக்கும்போது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஒரு தேங்குநீர்ச் சோதனை செய்ய வேண்டும். குழாய் வாய்களைத் துணி சுற்றிய மூடியால் அடைத்து, மாடியை மண் அணை போட்டு இரண்டு பாதியாகப் பிரித்து, ஈரத் திட்டுக்குத் தள்ளியிருக்கும் பாதியில் முதலில் தண்ணீர் நிரப்புங்கள். மேடான இடத்தில் ஓர் அங்குலம் நின்றால் போதும். 500 சதுர அடிக்கு 2,000 முதல் 2,500 லிட்டர் வரை பிடிக்கும். மூன்று நாள் விட்டுக் கீழே பாருங்கள். ஜல்லி அடுக்கு தண்ணீரைத் தாமதித்துத்தான் விடும் என்பதால் ஒரே நாளில் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஈரம் வராவிட்டால் அடுத்த பாதி. தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது இதில் தெரிந்துவிடும். கூரையில் காங்கிரீட் உதிர்ந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையைப் பொறியாளர் பார்க்கும்வரை செய்யாதீர்கள். தண்ணீரின் எடை சதுர மீட்டருக்கு அங்குலத்துக்கு 25 கிலோ.

சோதனை முடிந்து, பழுது பார்த்து, பாலிதீன் தாள் காய்ந்து வந்த பிறகு பெயிண்ட். பாசியைத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, முதலில் தண்ணீர் கலந்த பிரைமர் கோட். பிறகு முதல் கோட் வடக்குத் தெற்காக ஓட்டினால் இரண்டாவது கோட் கிழக்கு மேற்காக. மூலைகளிலும் குழாய் வாய்களிலும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே கண்ணாடியிழை வலையைப் பதிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் ஓரடி உயரம் ஏற்ற வேண்டும். தரையோடு நிறுத்தினால் மூலைதான் முதலில் விடும். காலை பத்து மணிக்கு முன்னும் நாலு மணிக்குப் பின்னும் அடிக்கட்டும். உச்சி வெயிலில் ஓடு கொதிக்கும்போது அடித்தால் மேலே தோல் கட்டி உள்ளே காயாது. எத்தனை சதுர அடிக்கு எத்தனை லிட்டர் என்று டப்பாவில் போட்டிருக்கும். உங்கள் பரப்பை அதனால் வகுத்து, அந்த எண்ணிக்கையில் டப்பாக்கள் உங்கள் கண்முன் திறக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். தண்ணீர் கலந்து நீட்டினால் வெள்ளை நிறம் இருக்கும், தடிமன் இருக்காது. நன்றாக அடித்த படலமும் மூன்று முதல் ஐந்து வருஷத்தில் தேயும். பத்து வருஷ உத்தரவாதம் என்றால் அதில் வேலைக்கூலி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

இதில் கருத்து வேறுபாடு உள்ள விஷயமும் உண்டு. ஓடு, ஜல்லி எல்லாவற்றையும் உடைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்பார்கள் சிலர். ஊசிமுனைக் குழாய் வைத்து ரசாயனம் செலுத்தினால் போதும் என்பார்கள் சிலர். 9 வருஷ வீட்டுக்கு உடைத்தெடுப்பது பெரும்பாலும் அவசரம். பத்து ஓட்டில் மூன்று நாலு வெற்றொலி கொடுத்து, வாட்டமும் தவறியிருந்தால்தான் நான் அதைப் பற்றி யோசிப்பேன். உடைக்கும்போது பாறைக்கம்பியின் அடி காங்கிரீட்டிலும் விழுந்து புது வெடிப்பு உண்டாகும் ஆபத்தும் இருக்கிறது. ரசாயனம் செலுத்துவது இடம் தெரிந்த ஒற்றை வெடிப்புக்கு நன்றாகப் பிடிக்கும். மாடி முழுதும் பரவிய ஈரத்துக்கு அது மருந்தாகும் என்பதை நான் நம்பவில்லை.

மற்ற வேலைகளையும் இதே மழைக் கணக்கில் வைத்துக்கொண்டால் ஞாபகம் இருக்கும். மாசி முதல் வைகாசி வரை பூச்சு, பெயிண்ட், கம்பிக் கதவுகளுக்கு ரெட் ஆக்ஸைடு. ஆவணி, புரட்டாசியில் குழாய், வடிகால், மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் குழி இருக்கும். ஆனால் கட்டிய நாளிலிருந்து யாரும் திறக்காத குழிகள்தான் அதிகம். கூழாங்கல்லை வாரி வெளியே போட்டு, கழுவி, அடியில் படிந்த வண்டலை எடுத்துவிட்டு, மறுபடி நிரப்புங்கள். அதைச் செய்யாவிட்டால் குழி நிரம்பி, தண்ணீர் அஸ்திவாரத்தின் ஓரத்திலேயே நிற்கும். முதல் மழையின் தண்ணீரைக் குழிக்கு விடாதீர்கள். மாடியின் எச்சமும் தூசியும் அதில்தான் வரும்.

மேல்நிலைத் தொட்டியையும் சம்பையும் (தரைக்கு அடியிலுள்ள நல்ல தண்ணீர்த் தொட்டி) வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும் கழுவ வேண்டும். தேய்த்துக் கழுவி நிரப்பிய பிறகு, 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கு. புதுப் பவுடருக்குத்தான் இது, திறந்து வைத்திருந்தது வீரியம் இழந்துவிடும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாய்களையும் வாசனை வரும்வரை திறந்து மூடிவிட்டு, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் கொட்டிவிட்டு, வாசனை போகும்வரை அலச வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் நச்சு வாயு வரும், மூடிய தொட்டிக்குள் அது உயிரைப் பறிக்கும். சம்புக்குள் ஒருவரைத் தனியாக இறக்காதீர்கள். மூடியைத் திறந்து ஒரு மணி நேரமாவது காற்று விட்டு, மேலே ஒருவர் நின்றபடி, மோட்டார் சுவிட்சை அணைத்த பிறகே இறங்க வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் யாரும், எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் அப்படி ஆளை இறக்குவதைத் தடைசெய்கிறது; உயிர் போனால் வேலைக்கு வைத்தவர் பொறுப்பாவார். தெரிந்தவர், வழக்கமாகச் செய்பவர், கொஞ்ச நேரம்தான் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உரிமம் உள்ள உறிஞ்சு லாரி மூலம் இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். மழை தொடங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள். வெள்ளத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது நிரம்பிய தொட்டி கழிவறைக்குள் திரும்பி வரும், சம்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால் அதற்குள்ளும் போகும். ஆகவே சம்பின் மூடி தரையிலிருந்து ஓரடியாவது உயர்ந்திருக்கட்டும்.

மின்சாரத்தில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் முக்கியமானது. மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். அணையாவிட்டால் மாற்ற வேண்டும். அணைந்தால் அந்தக் கருவி வேலை செய்கிறது என்றுதான் பொருள். எர்த் சரியாக இருக்கிறது என்று பொருளில்லை, அதை எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் கருவி கெட்டுவிட்டது என்று அதைத் தாண்டி நேராக இணைக்கச் சொல்லாதீர்கள். வெளிவிளக்கிலோ காலிங் பெல்லிலோ கூரைக்குள் போகும் மின்குழாயிலோ தண்ணீர் இறங்கியிருக்கும், அதைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது. உங்கள் படுக்கையறைக்கு இது நேரடியாகப் பொருந்தும். மின்விசிறியின் கொக்கி வழியாகவோ விளக்குப் பெட்டி வழியாகவோ ஒரு துளி சொட்டினாலும் அந்த அறையின் எம்சிபியை (மெயின் பெட்டியில் அந்த அறைக்கான சுவிட்ச்) அணைத்துவிடுங்கள்.

இந்த ஐந்து வாரத்தில் பாயிண்டிங்கையும் மூலைகளையும் குழாய் வாயையும் முடித்துவிட்டால் ஒழுகல் முழுக்க நிற்கலாம், பாதி குறையலாம். எது என்று இப்போது யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஆகவே ஐப்பசியில் திட்டு மறுபடி தெரிந்தால், தெரிந்த அன்றே அதன் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி போடுங்கள். ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் புது ஓரத்தை வரைந்து, எத்தனை மணி நேரம் கழித்து ஈரம் வந்தது, சாரல் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். சாரல் அடித்த நாளில் மட்டும் ஈரம் வந்தால் கைப்பிடிச் சுவரையும் வெளிச்சுவரையும் பார்க்க வேண்டும். மழை நின்று ஒரு நாள் கழித்து வந்தால் ஜல்லி அடுக்கு. மழை பெய்துகொண்டிருக்கும்போதே வந்தால் குழாய் வாயோ நேரான வெடிப்போ இருக்கும். மாசியில் பெயிண்டர் வரும்போது முதலில் அந்தக் கூரையைத்தான் அவருக்குக் காட்ட வேண்டும்.